ஆடி மாத வாடிக்கையாளர்

ஜூலை 14

இந்த டைரியைப் புத்தாண்டுக்கு ஒரு டைல்ஸ் கடையில் கொடுத்தார்கள். இத்தனை நாளும் மளிகைச் சிட்டை கிழிக்கத்தான் பயன்பட்டது. இன்றிலிருந்து நான் எழுதப்போகிறேன். காரணம் பிரணிதா. சென்னையில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கும் பெண், முப்பது வயதுக்குள். என்னை "அங்கிள்" என்பாள். "பெரிய ஃபவுண்டர்ஸ் எல்லாம் டெய்லி டைரி எழுதுவாங்க அங்கிள்" என்றாள். நானும் ஃபவுண்டர்தான். 'பெரிய' என்பது இடுப்பளவைப் பொறுத்தவரை சரி.

பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்யக்கூடும் என்பதால் விவரம் தருகிறேன். பெயர் மதிவாணன். வயது ஐம்பத்தொன்று. ஊர் திருச்சி. வாலிபம் முழுக்கத் தண்ணீர் மோட்டார் விற்றவன். ஊர் ஊராகச் சுற்றியதில் உறவில் எந்தக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போனதில்லை. சொந்தக்காரர்கள் திட்டித் திட்டி எனக்கு ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டார்கள். போக முடியாதவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பினால் என்ன? வேலையை விட்டேன். 'வந்தாச்சு' பிறந்தது.

செயலியில் பதிந்துகொண்டால் போதும். உங்கள் சார்பில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் விசேஷத்துக்குப் போவார். "அவரால வர முடியல, ரொம்ப வருத்தப்பட்டார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வார். போட்டோவில் நிற்பார், பந்தியில் சாப்பிடுவார், அடுத்தவர் சாப்பாட்டைக் குறை சொன்னால் சேர்ந்து தலையாட்டுவார். இடத்துக்குப் போனதும் பச்சைப் பொத்தானை அமுக்குவார். உங்கள் போனில் 'டிங்' என்று மணி அடிக்கும். வந்தாச்சு!

முதன்முதலில் இதைத் தமயந்தியிடம் சொன்னபோது என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. தில்லைநகர் மாடியில் இருக்கும் என் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறது. என் பிரதிநிதிகளில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பதில் முக்கியமானவர் லூர்துசாமி அண்ணன். பேருந்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நட்சத்திரப் பிரதிநிதி என்றே சொல்லலாம். ஒரு தடவை போன வீட்டில் அடுத்த தடவை உண்மையான சொந்தக்காரரே போய் நின்றாலும் "லூர்து அண்ணன் வரலையா?" என்று கேட்கிறார்கள். ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு, நேராகக் கிளம்பி யார் வீட்டு வளைகாப்பிலாவது சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதலீடு கேட்டதற்குப் பிரணிதா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஆவணியில எல்லாரும் ஓட்டுவாங்க அங்கிள். ஆடியில எத்தனை புக்கிங்னு காட்டுங்க. அதுல தெரிஞ்சிரும் கம்பெனியோட உயிரு."

வீட்டில் தமயந்தியும் கறார். காபியை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவள் போகாமல் நின்றால் விஷயம் இருக்கிறது.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அப்பாவோட எண்பதாம் கல்யாணம், திருக்கடையூர்ல. செப்டம்பர் பதினாலு. அக்காவும் அத்தானும் ஜோடியா நின்னு கலசத் தண்ணி ஊத்துவாங்க. எழுபதுக்கு நான் ஒத்தையா நின்னு ஊத்தினேன். மாப்பிள்ளை போட்டோவையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்லன்னு எங்க சித்தப்பா சிரிச்சாரு. இந்தத் தடவை நான் ஒத்தையா நிக்க மாட்டேன். நீங்க வரலைன்னா நானும் மேடைக்குப் போகல."

"என்ன தமயந்தி இப்படிச் சொல்ற? என் மாமனாருக்கு நான் வராமலா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் தென்றல், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அப்பா, உங்க ஆப்ல ஃபேமிலி மெம்பர்ஸுக்கு டிஸ்கவுண்ட் உண்டா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

ஜூலை 20

புக்கிங் இல்லை. அலுவலகத்தில் பல்லி ஒன்று இருக்கிறது.

ஜூலை 23

புக்கிங் வந்துவிட்டது! ஆடியில்!

வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் எங்கள் திரையில் தெரியாது. "அங்கிள், பிரைவசி" என்று பிரணிதா சொன்னதால் அப்படி வைத்தோம். போகிற பிரதிநிதிக்கு மட்டும் முகவரி போகும். திறந்து பார்க்கும் அதிகாரம் நிறுவனர் என்ற முறையில் எனக்கு உண்டு. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே இவர் எனக்கு வாடிக்கையாளர் 37, அவ்வளவுதான். பெண் என்று மட்டும் தெரிகிறது.

கேட்டிருப்பது: 'பள்ளியில் பெற்றோர் கூட்டம். தந்தை இடத்தில் ஒருவர். டீச்சர் திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.'

துள்ளிக் குதித்தேன். விசேஷத்துக்கு மட்டும்தான் ஆள் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாள் புதிய சந்தையையே திறந்துவிட்டாள். லூர்து அண்ணனை அனுப்பினேன். பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

மதியம் திரும்பி வந்து, "பாப்பா கெமிஸ்ட்ரில கொஞ்சம் வீக்கு சார். மத்தபடி தங்கம்" என்றார்.

"அப்பன்காரன் என்ன பண்றானாம்?"

லூர்து அண்ணன் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "பிசினஸ் சார். நல்ல மனுசன்தான். ஆனா வீட்ல இருக்கிறப்பவும் வெளியூர்ல இருக்கிற மாதிரி."

என்ன ஜென்மங்களோ. பெற்ற பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமில்லையாம்.

சாயங்காலம் தென்றலிடம் படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கெமிஸ்ட்ரி வீக்காம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்பதற்குள் பிரணிதாவின் போன் வந்துவிட்டது.

ஜூலை 28

ஒரு விசித்திரம். தமயந்தி சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் சாப்பிடும்போது போன் பார்த்தால் தட்டை இழுப்பாள். இப்போது தானே சாம்பாரை ஊற்றிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போய்விடுகிறாள். குடும்பமும் தொழிலும் சமநிலைக்கு வந்துவிட்டன என்று தோன்றுகிறது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தொழில்முனைவோர் குழுவில் போடலாம்.

ஆனால் ஏனோ சாம்பார் இறங்கவில்லை. உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1

பிரணிதா வீடியோவில் இருந்தாள், என் ஒரு காதில் இயர்போன். தமயந்தி எதிரில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் இருக்கும் அவள் தம்பிக்கு லீவு என்றாள். அதே நட்சத்திரம் முன்னாலும் வருகிறது என்றாள். குருக்கள், பதினெட்டு என்றெல்லாம் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. இன்னொரு காதில் பிரணிதா 37-ஐப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இருவருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினேன். ஒரே ஆட்டில் இரண்டு வேலை. இதைத்தான் நேர மேலாண்மை என்கிறார்கள்.

"சரியா கேட்டீங்களா?" என்றாள் தமயந்தி.

"ஓகே ஓகே" என்றேன்.

பதினெட்டு என்றது ஆடிப்பெருக்காகத்தான் இருக்கும். வருஷா வருஷம் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூப்பிடுவாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தமயந்தி இந்த வருஷம் என்னைக் கூப்பிடவே இல்லை. தென்றலுடன் கிளம்பிப் போய்விட்டாள். எலுமிச்சை சாதத்து வாசனை மட்டும் கூடத்தில் இருந்தது.

37-இடமிருந்து இன்றும் புக்கிங்: 'காவிரிக் கரை. குடும்பத்தலைவர் இடத்தில் ஒருவர். பையைத் தூக்க வேண்டும். கலந்த சாதம் நான்கு வகை. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.'

வாயைத் திறந்து! பாவம், அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ.

லூர்து அண்ணன் திரும்பும்போது கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. "உங்களுக்கும் கொடுத்து விட்டாங்க சார்." புளிசாதமும் தேங்காய் சாதமும். அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்படியே நம் வீட்டு ருசி. திருச்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே கடையில் பெருங்காயம் வாங்குவதால் இருக்கலாம்.

டப்பாவின் அடியில் 'கோ. சிவக்கொழுந்து, மாயவரம்' என்று பேர் வெட்டியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கும் ஒரு சிவக்கொழுந்து இதே மாதிரி டப்பா பரிசாகக் கொடுத்திருந்தார். மனிதர் ஒரு கல்யாணம் விடாமல் போயிருக்கிறார். எங்கள் நிறுவனத்தின் விளம்பரத் தூதராக இருக்கத் தகுதியானவர்.

"நல்லாருந்துச்சுன்னு சொல்லட்டுங்களா சார்?" என்றார் லூர்து அண்ணன்.

"யார்கிட்ட?"

"அந்தம்மாகிட்டதான்."

"ம், சொல்லுங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 4

இன்று வீட்டில் அந்த டப்பாவைத் தேடினேன். சும்மாதான். அலமாரியில் இல்லை.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7

37: 'பெரிய கடைவீதி. புடவை எடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்ல ஒருவர். எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு என்று சொல்பவர் வேண்டாம்.'

கடைசி வரியைப் படித்ததும் முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. நான் அப்படிச் சொல்கிற ரகம். தமயந்தி பதினைந்து புடவையை விரித்தாலும் பதினைந்தும் நல்லாயிருக்கும் எனக்கு. மோட்டார் விற்றவனின் பழக்கம்.

சாயங்காலம் வீட்டில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை சோபாவில் கிடந்தது, மாம்பழ மஞ்சள் கரை.

"நல்லாயிருக்கா?" என்றாள் தமயந்தி.

"நல்லாயிருக்கு."

"முதல்ல பச்சையைத்தான் எடுத்தேன். பச்சை வேண்டாம்மா, அரக்குல உங்க முகம் தெரியுதுன்னாரு."

"யாரு?"

"கடைக்காரரு."

கடைக்காரர்கள் இப்போதெல்லாம் ரொம்ப முன்னேறிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9

பிரணிதாவுக்கு 37-ஐப் பற்றி விரிவாக அறிக்கை அனுப்பினேன். 'எங்கள் சேவை விசேஷங்களைத் தாண்டி, கவனிக்கப்படாத ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவையாகிவிட்டது' என்று எழுதியிருந்தேன். அவள் ஆடிப்போய்விட்டாள்.

"சூப்பர் அங்கிள்! இந்த மாதிரி எத்தனை வீடு இருக்கும்?"

"தெருவுக்குப் பத்து இருக்கும்மா."

"அந்த ஹஸ்பண்ட்ஸ் எல்லாம் திருந்திட்டா?"

"அவனுங்க எங்க திருந்தப் போறானுங்க" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்தேன். பல்லி கத்தியது.

அவளுக்கு 37-ஐ நேரில் பார்க்க வேண்டுமாம். பார்த்துப் பிடித்துவிட்டால் முதலீடு உறுதி. செயலி வழியாக 37-க்குச் செய்தி அனுப்பினேன்: 'எங்கள் முதலீட்டாளர் தங்களைச் சந்திக்க விரும்புகிறார். விருப்பமா?'

ஆகஸ்ட் 10

37 பதில் போட்டுவிட்டாள். 'தாராளமாக வரட்டும். ஆகஸ்ட் 18, திருக்கடையூர் கோயில். எண்பதாம் கல்யாணம். மருமகன் இடத்தில் ஒருவர் வேண்டும். பட்டு வேட்டி. கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முக்கியம்: போனைக் கையில் எடுக்கக் கூடாது.'

என்ன ஒற்றுமை! என் மாமனாருக்கும் அடுத்த மாதம் அதே ஊரில் அதே விசேஷம். ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொண்டேனே தவிர, செய்தியை இன்னொரு தடவை படித்தேன். பெயரைத் திறந்து பார்க்கும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். கொள்கை.

ஆகஸ்ட் 13

தமயந்தியிடம், "பதினெட்டாம் தேதி எனக்கு வெளியூர் வேலை இருக்கு" என்றேன்.

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தென்றல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"முக்கியமான வேலையா?"

"ரொம்ப முக்கியம். கம்பெனியோட தலையெழுத்தே அதுலதான் இருக்கு."

"சரிங்க" என்றாள். "நானும் தென்றலும் நாளைக்கே ஊருக்குப் போறோம். முடிஞ்சா வாங்க."

அடுத்த மாதம்தானே விசேஷம், இப்போதே எதற்கு என்று கேட்க நினைத்தேன். முறுக்குச் சுற்ற ஆள் வேண்டும் என்பாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. இந்த வாக்கியம் எனக்கே புரியவில்லை. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16

வீட்டில் யாரும் இல்லை. தயிர் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போன் செய்தேன். "ஃபிரிட்ஜ்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்ததுதான் தாமதம், புக்கிங் கொட்டுகிறது. நாளை முகூர்த்தம். எல்லாப் பிரதிநிதிகளையும் அனுப்பியாகிவிட்டது. திருக்கடையூருக்கு லூர்து அண்ணன்தான். மத்தியானம் அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கடவாய்ப் பல்லு சார். நாளைக்கு லீவு வேணும்."

"அண்ணே, என் உயிர் போற நாள்ணே அது!"

"எனக்குப் பல்லு போகுது சார்." சொல்லிக்கொண்டே மேசையில் இருந்த கடலை மிட்டாயை எடுத்துக் கடித்தார். கடக்கென்று சத்தம் வந்தது. "அந்தப் பக்கப் பல்லுல வலி இல்ல" என்றார்.

"வேற ஆளே இல்லையே."

"நீங்க போங்க சார். மருமகன் வேலைதானே? தண்ணி ஊத்தணும், நிக்கணும். கஷ்டமா என்ன?"

வேறு வழியில்லை. பிரதிநிதிகள் பட்டியலில் முதல் தடவையாக என் பெயரைச் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 18

மாயவரத்தில், மாமனார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்காவது புரிகிறதா பார்க்கலாம்.

காலையில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிரணிதா சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினாள். பிரகாரம் முழுக்கக் கல்யாணம். தூணுக்குத் தூண் ஹோமப் புகை. திரும்பிய பக்கமெல்லாம் அறுபது, எழுபது, எண்பது வயது மணமக்கள் கழுத்தில் மாலையோடு, நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் என் 37 எங்கே?

ஒரு கூட்டத்தில் போய், "நீங்க மருமகன் புக் பண்ணியிருந்தீங்களா?" என்று கேட்டேன். அந்தக் குடும்பத்து மருமகன்கள் இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். இன்னொரு இடத்தில் புரோகிதர் என்னைத் தன் உதவியாளர் என்று நினைத்துக் கையில் தேங்காயைக் கொடுத்துவிட்டார். தேங்காயும் கையுமாக அலைந்தேன். புகையில் கண் எரிந்து, தண்ணீர் வழிந்தது. பிரணிதா பின்னாலேயே வந்து, "அங்கிள், கஸ்டமர் லொகேஷன் கூடத் தெரியாதா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். நாலாவது தூணுக்கு அந்தப் பக்கம், மாலையும் கழுத்துமாக என் மாமனார். பக்கத்தில் மாமியார்.

சத்தியமாக அந்த நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான்: அடடா, மாமனாரும் வந்திருக்கிறாரே, அடுத்த மாதத்துக்குக் குருக்களிடம் பேச வந்திருப்பார். என்னைப் பார்த்தால் வம்பு. சொந்தக்காரன் விசேஷத்துக்கு வராதவன், ஊரார் விசேஷத்துக்குப் பட்டு வேட்டியில் வந்திருக்கிறான் என்று ஆகிவிடும். தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாலை எதற்குப் போட்டிருக்கிறார் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஒளிந்தபடியே, செயலியில் 37-ஐக் கூப்பிடும் பொத்தானை அமுக்கினேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு போன் மணி அடித்தது.

எட்டிப் பார்த்தேன். அரக்குப் பட்டு, மாம்பழக் கரை. தமயந்தி போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ" என்றது என் காதுக்குள். "ஹலோ" என்றது தூணுக்கு அப்பால். ஒரே குரல், இரண்டு பக்கமும்.

"வந்தாச்சுங்களா?" என்றாள்.

"வந்தாச்சு" என்றேன்.

"எங்க இருக்கீங்க?"

"தூணுக்குப் பின்னால."

"யாரு பேசறது? லூர்து அண்ணன் மாதிரி இல்லையே?"

"அவருக்குப் பல்வலி. நான் கம்பெனியிலேருந்து... வேற ஆள்."

"பரவால்ல. வாங்க" என்றாள்.

தேங்காயோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் மைத்துனன், மச்சினி, சகலை, சித்தப்பா என மொத்தக் குடும்பமும் திரும்பியது. "வாங்க மாப்ளே!" என்றார் மாமனார், நனைவதற்கு முன்பே நடுங்கிக்கொண்டு. சித்தப்பா, "அட, போட்டோவுக்குக் கை காலெல்லாம் முளைச்சிருக்கே" என்றார். கூட்டத்தில் சந்தனமும் கையில் காராபூந்தியுமாக லூர்து அண்ணன். பல்வலி இல்லாத பக்கத்தில் மென்றுகொண்டிருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல தமயந்தி?" என்றேன் மெதுவாக.

"ஒண்ணாம் தேதியே சொன்னேன், தேதி மாறிடுச்சுன்னு. தலையாட்டினீங்க. பதிமூணாம் தேதி கரண்டியும் கையுமா நின்னேன். வெளியூர் வேலைன்னீங்க."

"மறுபடியும் சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுக்காரரா கூப்பிட்டா வருவீங்களோ மாட்டீங்களோ. புக் பண்ணா ஆள் கண்டிப்பா வருமில்ல? உங்க கம்பெனி சுவத்துல அப்படித்தானே எழுதியிருக்கு?"

கிண்டல் என்றால் சிரித்திருப்பேன். அவள் கிண்டல் செய்யவில்லை. கண் சிவந்திருந்தது. ஹோமப் புகையாக இருக்கலாம். என் கண்ணும் சிவந்திருந்தது.

குருக்கள், "ரெண்டாவது பொண்ணு, மாப்பிள்ளை, வாங்க" என்றார். தேங்காயை வாங்கி வைத்துவிட்டுக் கலசத்தைக் கையில் கொடுத்தார். சரியாக அந்த நேரத்தில் பிரணிதா ஓடி வந்தாள். "அங்கிள், எங்க ஹெட் லைன்ல இருக்கார். ரெண்டே நிமிஷம். இப்ப பேசினா இன்னிக்கே முடிஞ்சிரும்." என் வேட்டி மடியில் இருந்த போனும் அதிர ஆரம்பித்தது. தமயந்தி என் மடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவள் கையைக் கலசத்திலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த விலக்கல் இருக்கிறதே, ஆடி முழுக்க நான் கேட்காத சண்டையெல்லாம் அதில் இருந்தது.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு இருப்பது இரண்டு கை. இரண்டும் கலசத்தில் இருந்தன.

"பிடி தமயந்தி" என்றேன்.

பிடித்தாள். ஊற்றினோம். பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் மாமனார் தலையில், கால்வாசி தமயந்தியின் புதுப் பட்டில், மிச்சம் என் மடியில். போன் ஒரு தடவை விக்கிவிட்டு அடங்கிப்போனது.

"ஜில்லுன்னு இருக்கு மாப்ளே" என்றார் மாமனார். அவருக்குப் பத்து வருஷ பாக்கித் தண்ணீர்.

பந்தியில் பிரணிதா என் எதிரில் உட்கார்ந்தாள். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, ரொம்ப யோசித்துச் சொன்னாள்: "நீங்க ஆடி பூரா எனக்குக் காட்டினது கஸ்டமர் இல்ல அங்கிள். கம்ப்ளெய்ன்ட்."

"முதலீடு?"

"ஹெட் கோவத்துல இருக்கார். ஆனா லூர்து அங்கிள் மாதிரி ஆள் இருக்கிற கம்பெனிய விட மனசு வரல. பார்க்கலாம்." போகும்போது எங்கள் வீட்டு முறுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். தமயந்தி கொடுத்தது சிவக்கொழுந்து டப்பாவில்.

ஆகஸ்ட் 20

திருச்சி. போனை அரிசியில் புதைத்து வைத்ததில் உயிர் வந்துவிட்டது. திறந்ததும் முதலில் வந்தது, வாடிக்கையாளர் 37-இன் மதிப்பீடு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

'ஆள் பரவாயில்லை. தாமதமாக வந்தார். தூணுக்குப் பின்னால் நின்றார். புடவையை நனைத்துவிட்டார். ஆனால் போனை எடுக்கவில்லை. அடுத்த முறையும் இவரையே அனுப்பவும். இவர் வராவிட்டால் லூர்து அண்ணன்.'

லூர்து அண்ணனுக்கு அவள் கொடுத்திருப்பது எல்லாமே ஐந்து. பொறாமையாக இருக்கிறது. இது சம்பளம் கொடுப்பவனின் பொறாமையா, கணவனின் பொறாமையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 23

மத்தியானம் 37-இடமிருந்து புக்கிங். 'மாலை காபி. முக்கால் மணி நேரம். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.'

'யாருடைய இடத்தில்?' என்ற கட்டம் காலியாக இருந்தது. நிரப்பாவிட்டால் செயலி ஏற்காது, எப்படி ஏற்றது என்று தெரியவில்லை. லூர்து அண்ணன், "நான் போகட்டுங்களா சார்? எனக்கு இப்ப பல்லு சுத்தமா வலிக்கல" என்றார். "நீங்க உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.

வழி முழுக்கக் குழப்பம். மணியை அடிப்பதா, சாவியைப் போட்டுத் திறப்பதா? "வணக்கம், வந்தாச்சிலிருந்து வருகிறேன்" என்று சொல்வதா? வாசலில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

உள்ளே சமையலறையில் 'டிங்' என்றது.

"செருப்பை ஓரமா விட்டுட்டு வாங்க" என்றாள் தமயந்தி. "காபி ஆறுது."